தேவையான துண்டு மட்டும்

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் 2022-இல் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தை 717 ஜிகாபிக்சல் படமாக இணையத்தில் ஏற்றியது. 8,439 புகைப்படங்களை ஒட்டிச் சேர்த்த படம். அது சாதாரணக் கணினியிலும் திணறாமல் விரிவதற்குக் காரணம் இணைய வேகத்தைவிட, கண்ணுக்குத் தேவையானதை மட்டும் கொடுக்கும் சிக்கனம்தான் என்பேன். இப்படிப்பட்ட படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதி பாதியாகச் சுருக்கிப் பல அடுக்குகளாக்கி, ஒவ்வோர் அடுக்கையும் பெரும்பாலும் 256 பிக்சல் சதுரங்களாக நறுக்கி வைக்கிறார்கள். திரையில் தெரியும் இடத்துக்கு உரிய நாற்பது ஐம்பது துண்டுகள் இறங்கினால் போதும். இத்தனை அடுக்குகள் சேமிப்பிடத்தைப் பல மடங்காக்காதா? ஆக்காது. ஒவ்வோர் அடுக்கும் முந்தையதில் கால் பங்குதான்; எல்லாம் கூட்டினாலும் மூலத்தின் மூன்றில் ஒரு பங்கே கூடுதல்.

நேரில் பார்ப்பதற்கு ஈடாகுமா என்பார்கள். நான்கரை மீட்டர் அகல ஓவியத்தின் முன் நிற்பதை எந்தத் திரையும் தராது, உண்மைதான். ஆனால் அங்கே யாரும் மூக்கு உரச நெருங்க முடியாது. இங்கே ஓவியத்திலுள்ள லெப்டினன்டின் மஞ்சள் உடைப் பூவேலையில் தடித்து நிற்கும் சாயத்தையும், அதன் குறுக்கே ஓடும் மயிரிழை வெடிப்புகளையும் விரித்துப் பார்க்கலாம். விரிக்கும்போது முதலில் மங்கி, பிறகு கட்டம் கட்டமாகத் தெளிகிறதே, அந்த மங்கலும் குறையல்ல. நுணுக்கமான துண்டு வந்து சேரும்வரை சிறிய அடுக்கின் துண்டு அதன் இடத்தைக் காத்து நிற்கிறது.