மூடி சரியாக மூடுகிறதா?

பழைய கெட்டில் கரி அடுப்பை மீட்க நினைப்பவர் முதலில் பார்ப்பது அதன் மேற்பூச்சைத்தான். நிறம் மங்கியிருந்தால் சாயம், துரு தெரிந்தால் உப்புத்தாள், கால் ஆடினால் புதிய திருகு என்று வேலை தொடங்கிவிடுகிறது. வேலை முடிந்ததும் அடுப்பு பளபளக்கும். அது முன்போல் சமைக்குமா என்பது வேறு கேள்வி. மலாக்காவின் ஆயர் குரோ வீட்டுப் புறக்கடைகளில் கிடக்கும் அடுப்புகளுக்கு இந்த இரண்டாவது கேள்வியை வைத்தே தீர்ப்பு எழுத வேண்டும்.

அடுப்பின் பிறப்பிலேயே அதற்கான அளவுகோல் இருக்கிறது. சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை செய்த ஜார்ஜ் ஸ்டீபன், 1952-இல் இதை உருவாக்கினார். அந்தப் பட்டறையில் நீர்மிதவைகளுக்கு அரைக்கோளத் தகடுகள் செய்வார்கள். திறந்த அடுப்பில் காற்றும் மழையும் சமையலைக் கெடுப்பதைப் பார்த்தவர், ஓர் அரைக்கோளத்தைச் சட்டியாகவும் இன்னொன்றை மூடியாகவும் ஆக்கினார். அடியிலும் மூடியிலும் திறந்து மூடும் காற்றுக்கண்கள் வைத்தார். கீழே நுழையும் காற்றின் அளவுதான் நெருப்பின் அளவு. இரண்டு பக்கமும் அடைத்தால் கரி அணைந்து, மிச்சம் அடுத்த சமையலுக்கு உதவும். ஆக, மீட்க வேண்டியது காற்றை ஆளும் திறன். மூடி வட்டம் குலையாமல் சட்டியில் உட்கார்கிறதா, காற்றுக்கண் தகடுகள் சுழல்கின்றனவா என்பதே முதல் சோதனை. விளிம்பு நசுங்கிப் பல இடங்களில் காற்று கசிந்தால், அது மூடி வைத்த டிரம் அடுப்பு, அவ்வளவுதான்.

இரண்டாவது சோதனை எனாமல். நல்ல கெட்டில் அடுப்பின் நிறம் பெயின்ட் அல்ல. எஃகுத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைப் பூசி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூளையில் உருக்கி ஒட்டவைத்த கண்ணாடி. சமையல் வெப்பம் அதை ஒன்றும் செய்யாது. அடி விழுந்தால் சில்லு பெயரும். கொதிக்கும் மூடியில் பிற்பகல் இடிமழை கொட்டினால் விரிசலும் விடலாம். மூடியையும் சட்டியையும் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை வழியே ஒளி தெரிந்தால் உலோகமே அரித்துவிட்டது. மேலே மட்டும் புள்ளி புள்ளியாகத் துரு என்றால் இன்னும் ஆயுள் இருக்கிறது.

மூடியின் உட்புறம் கறுப்பாகச் செதில் செதிலாக உதிர்வதைப் பார்த்துப் பலர் பெயின்ட் உரிகிறது என்று பயந்து அடுப்பைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது கொழுப்பும் புகையும் சேர்ந்து கரியாகிப் படிந்த அடுக்கு. பிளாஸ்டிக் சுரண்டியும் பாத்திர சோப்பும் வெந்நீரும் போதும். காஸ்டிக் சோடா கலந்த அடுப்புக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது அலுமினியத்தையும் தின்னும். கால், சாம்பல் தட்டு, காற்றுக்கண் தகடு எல்லாம் பெரும்பாலும் அலுமினியம். அவற்றைக் கழற்றி வைக்காமல் அந்தத் திரவத்தைத் தெளித்தால், அழுக்கோடு அடுப்பின் உறுப்பும் போகும்.

இனி, சாயம். மோட்டார் சைக்கிள் கடைகளில் புகைக்குழாய்க்கென்று விற்கும் சூடு தாங்கும் ஸ்ப்ரே எளிதாகக் கிடைக்கிறது. சிலிக்கோன் பிசின் கொண்ட இவ்வகையில் சில 600 டிகிரி வரை தாங்கும். வெளிப்புறத்தில் எனாமல் சில்லு பெயர்ந்த இடத்தில், சுத்தமாகத் தேய்த்துப் பூசி, படிப்படியாகச் சூடேற்றி இறுகவைத்தால் துருவைத் தள்ளிப்போடும். இந்த அளவுக்கு அது நியாயமான வேலை. முழு மூடியையும் உப்புத்தாளால் தேய்த்து அதன்மேல் பூசுவது நியாயமில்லை. தேயாத கண்ணாடியைக் கீறிவிட்டு, தேயக்கூடிய பிசினை அதன் இடத்தில் வைக்கிறோம். இன்னொரு காரணமும் உண்டு. சிவப்பு, மஞ்சள் எனாமல்களில் காட்மியம் நிறமிகள் தொழிற்சாலைகளில் வெகுகாலம் வழக்கில் இருந்தன. கண்ணாடிக்குள் அடைபட்டிருக்கும்வரை அது தொல்லை செய்யாது. தேய்த்துத் தூசியாக்கி மூச்சில் இழுப்பது வேறு கதை. பவுடர் கோட்டிங் போட்டுத் தருகிறோம் என்று பட்டறையில் சொன்னாலும் யோசிக்க வேண்டும். சாதாரணப் பாலியெஸ்டர் பூச்சு இறுகுவதே 200 டிகிரியை ஒட்டித்தான். கரியெரியும் மூடி அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். சட்டியின் உட்புறம், நெருப்பும் உணவும் இருக்கும் இடம், எந்தச் சாயத்துக்கும் உரியதல்ல. துரு தெரிந்த இடத்தைத் தேய்த்து, சமையல் எண்ணெய் மெல்லத் தடவி, காய்ச்சி விடுவதே போதும்.

ஆயர் குரோவின் காற்று ஈரமானது. இரும்பைச் சும்மா விடாது. ஆனால் குற்றத்தை மழைமேல் மட்டும் போடக்கூடாது. மரச்சாம்பலில் உள்ள பொட்டாசியம் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சும். சமையல் முடிந்து சட்டியின் அடியில் விட்ட சாம்பல், மழைத்துளி படாமலே ஈரக்களியாகி, காற்றுக்கண் ஓரத்தில் எனாமல் பெயர்ந்த இடமாகப் பார்த்து அரிக்கும். பழைய அடுப்புகள் மேலே நன்றாக இருந்தும் அடியில் ஓட்டையாவது இதனால்தான். எனவே சாம்பல் தட்டும் அதைத் தள்ளும் தகடுகளும் ஒழுங்காக வேலை செய்வது மேற்பூச்சைவிடப் பெரிய விஷயம். அடியில் துருத்துளை பெரிதாகிவிட்டால் வெல்டிங் வைத்துக் காப்பாற்ற முயல்வது வீண். வெல்டிங் சூட்டில் சுற்றிலும் உள்ள எனாமல் வெடித்துப் பெயரும், அங்கே புதிய துரு தொடங்கும்.

உறுப்புகளை மாற்றுவதில் தயக்கம் வேண்டாம். சமையல் கம்பி, கரிக் கம்பி, கால், கைப்பிடி எல்லாம் தேய்ந்து மாறுவதற்கென்றே இருப்பவை. 47, 57 சென்டிமீட்டர் என்று வழக்கமான அளவுகளில் புதிதாக வாங்கலாம். செலவு பார்த்து வன்பொருள் கடையில் துத்தநாகம் பூசிய கம்பிவலையை வெட்டிப் போடுவது மட்டும் கூடாது. துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். எரியும் கரி அதற்கு மேலே. துருப்பிடிக்காத எஃகு, இல்லையென்றால் வார்ப்பிரும்பு, இரண்டில் ஒன்று. பழைய சமையல் கம்பியைக் கம்பி பிரஷால் தேய்த்தபின் ஈரத்துணியால் துடைப்பதும் அவசியம். பிரஷிலிருந்து உதிர்ந்த முள் இறைச்சியோடு தொண்டைக்குப் போன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி நேர்மையாக எழ வேண்டும்: இந்த அடுப்பு நம் சமையலுக்கு வேண்டியதா? சாத்தே குச்சிக்கு நீளமான, குறுகலான, திறந்த தொட்டியே சிறப்பு. நெருப்பு அருகில் இருக்க வேண்டும், ஒரு கையால் விசிற வேண்டும். உம்பாயிலும் உஜோங் பாசீர் போர்த்துகீசியர் குடியிருப்பிலும் ஈக்கான் பாக்கார் என்னும் சுட்ட மீன் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அங்கே மூடிக்கு வேலையில்லை. வார இறுதியில் சாத்தேயும் மீனும் மட்டும் சுடும் குடும்பத்துக்குப் பாதி டிரம் அடுப்பு போதும். கெட்டிலை மீட்பது அவர்களுக்கு ஆசையே தவிரத் தேவையில்லை. முழுக்கோழி, ஆட்டுத்தொடை, பெரிய சியாக்காப் மீன் என்று நின்று வேக வேண்டியவற்றில்தான் மூடி தன் விலையைக் காட்டும். கரியை இரு பக்கம் ஒதுக்கி, இறைச்சியை நடுவில் வைத்து மூடினால், கருகாமல் உள்வரை வேகும். கரிச் சிக்கனத்திலும் அதற்கு வெற்றி. பேராக்கில் கோலா செப்பெத்தாங் சூளைகளில் கரியாகும் பாக்காவ் மரம், மாத்தாங் சதுப்புக் காட்டில் 30 ஆண்டு வளர்ந்து வெட்டப்படுவது. அப்படிப்பட்ட கரியின் பாதியை அணைத்து மறுநாளுக்கு எடுத்துவைக்க முடிவது சிறிய காரியமல்ல.

மறுபக்கத்து வாதமும் வலுவானதே. சாயம் அடிப்பதில் ஒரு மனநிறைவு உண்டு. பழைய பொருளைப் புதிதாகப் பார்ப்பது வீட்டுக்கு நல்லது என்பார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் பழைய அடுப்பின் மதிப்பும் அதன் முதல் எனாமலில்தான் இருக்கிறது. 1979 முதல் வந்த வெபர் மூடிகளின் காற்றுக்கண் தகட்டில் ஆண்டைச் சொல்லும் எழுத்துக்குறி இருக்கும். சேகரிப்பவர்கள் அதையும் அசல் நிறத்தையும் தேடித்தான் வாங்குகிறார்கள். முழுச்சாயம் பூசிய அடுப்பு அழகாக இருக்கலாம். சந்தையில் அது இரண்டாந்தரம்.

ஆகத் தீர்ப்பு மூன்று வகை. மூடி சரியாகப் பொருந்தி, காற்றுக்கண் சுழன்று, எனாமல் பெரும்பாலும் முழுதாக இருந்தால், கழுவி, தேய்ந்த கம்பியையும் காலையும் மாற்றி, சில்லுகளை மட்டும் பூசி, அடுப்பைப் பயன்படுத்துங்கள். மூடி நல்லதாக இருந்து சட்டியின் அடி மட்டும் ஓட்டை என்றால், இன்னொரு பழைய அடுப்பின் சட்டி கிடைத்தால் ஒழியக் காசு போட வேண்டாம். தொடக்கத்திலிருந்தே எனாமல் இல்லாமல் பெயின்ட் மட்டும் பூசிய மெல்லிய தகட்டு அடுப்பு என்றால், பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம். எந்தச் சாயமும் அதைக் காப்பாற்றாது. மீட்கும் எல்லா அடுப்புக்கும் ஒன்று பொது: அடுத்த சமையலுக்கு முன் சாம்பலைக் கொட்டாதவர், எவ்வளவு நன்றாக மீட்டாலும் இரண்டாம் முறை மீட்க வேண்டியிருக்கும்.