வழிகாட்டி தந்ததும் மாணவர் கொண்டதும்

கலாநிதிப் பட்டப் பயிற்சி ஒருவருக்கு எதனை ஈகின்றது என்ற வினாவுக்கு மேற்பார்வையாளரும் மாணவரும் ஒரே விடை கூறுதல் அரிது. முன்னவர் முறையியலைச் சுட்டுவார். பின்னவர் பெரும்பாலும் ஆய்வேட்டையே சுட்டுவார். இவ்விரு கணக்கிலும் அடங்காத பேறு ஒன்றுண்டு என்பதற்கு ஈழத்துத் தமிழாய்வு வரலாறே சான்றாகும்.

க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேராதனையிற் பயின்று, பின்னர் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையில் ஆய்வு நிகழ்த்தியவர்கள். தொம்சன் கிரேக்கப் பேராசிரியர், மார்க்சியர். தமிழ் அவரது துறையன்று. இது குறைபாடு போலத் தோன்றலாம். உண்மையில் மாணவர்க்கு வாய்த்த நற்பேறே இதுதான். தமிழறிந்தார் அவையில் 'பாணர்' என்றாற் போதும். கிரேக்கம் கற்றவர் முன்னிலையிலோ பாணன் யார், அவனைப் புரந்தவன் யார், அவன் பாட்டு எவ்வாறு பரவிற்று என்பன யாவும் நிறுவப்படல் வேண்டும். ஆசிரியரும் மாணவரும் ஒரே நம்பிக்கைகளிற் பங்குகொள்ளும் இடத்தில் அந்நம்பிக்கைகள் ஆராயப்படாமலே ஆய்வேட்டினுட் புகுந்துவிடுகின்றன. (பின்வருவோர் அவற்றையே மேற்கோளாகவும் காட்டுவர்!)

கைலாசபதி மார்க்சியத்தைப் பேர்மிங்ஹாமிற் கற்றாரல்லர். அதனை உடன்கொண்டே சென்றார். 1959 முதல் 1961 வரை கொழும்பில் 'தினகரன்' ஆசிரியராக இருந்தபோது வாய்த்த தெளிந்த நடையும் அவருடன் சென்றது. அங்கு பெற்றது ஒப்பியல் நோக்கு. சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களுடன் ஒப்பிட்டு, வாய்மொழி மரபாக விளக்கிய அவரது ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்டில் நூலாயிற்று. அடுத்த ஆண்டிலேயே 'ஒப்பியல் இலக்கியம்' தமிழில் வெளிவந்தமை, தாம் பெற்ற பயிற்சியை அவர் எவ்வாறு மதிப்பிட்டார் என்பதைக் காட்டும். பட்டம் அவருக்குரியது, முறையியலைத் தமிழ் வாசகர்க்கும் உரியதாக்கினார்.

ஆயினும் பெற்ற கருவியே பார்வையை எல்லைப்படுத்துதலும் உண்டு. சங்கப் புலவர் எழுத்தறிவுடையோர், பாணர் மரபைப் பின்பற்றிப் பாடியோர் என 1975இல் ஜோர்ஜ் ஹார்ட் வாதிட்டார். ஹோமரை அளவுகோலாகக் கொண்டமையால் அகப்பாடல்களின் நுண்ணிய தனித்தன்மை கைலாசபதியின் ஆய்வில் உரிய இடம் பெறவில்லை என்றே கூறல் வேண்டும். மேற்பார்வையாளரின் வலிமை மாணவரின் வரம்பாகவும் அமைந்தமைக்கு இது எடுத்துக்காட்டு.

சிவத்தம்பியின் நிலை சற்று வேறானது. பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆய்ந்து 1970இல் பட்டம் பெற்ற அவர், அதற்கு முன்பே நாடகத்தில் நடித்தவர். கொழும்பில் நாடாளுமன்ற மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றியவர். சங்க காலத்து நாடகப் பனுவல் எதுவும் எஞ்சவில்லை. பனுவல் இல்லாதவிடத்துச் சடங்கிலும் ஆடலிலும் சமூக உறவிலும் நாடகத்தைத் தேடும் துணிவு தொம்சனின் கிரேக்க நாடக ஆய்விலிருந்து கிடைத்திருக்கலாம். ஆனால் நாடகம் ஏட்டில் மட்டும் வாழ்வதன்று என்ற அறிவை மேடையே அவருக்கு முன்னர்க் கற்பித்திருந்தது. அதனை எந்த மேற்பார்வையாளரும் தம் கணக்கில் வரவு வைத்தல் இயலாது.