அடிமையின் ஏடு

அமெரிக்க இலக்கியம் ஆங்கிலத்தில் மட்டுமே பிறந்தது என எண்ணுவோர் உமர் இப்னு சயீத் எழுதிய தன்வரலாற்றைக் காண வேண்டும். இன்றைய செனகல் பகுதியில் பிறந்து, இருபத்தைந்து ஆண்டுகள் கல்வி பயின்ற இந்த இஸ்லாமிய அறிஞர், 1807-இல் சார்ல்ஸ்டன் நகரில் அடிமையாக விற்கப்பட்டார். 1831-இல், வட கரோலினாவில் அடிமையாகவே வாழ்ந்துகொண்டு, அரபு மொழியில் தம் கதையை வரைந்தார்.

சில பக்கங்களே கொண்ட ஏடு அது. மொழி மறந்துபோயிற்று என்று அவரே அதில் வருந்துகிறார். ஆயினும், தம்மைப் பற்றிப் பேசுமுன் திருக்குர்ஆனின் 67-ஆம் அதிகாரத்தை எழுதுகிறார். ஆட்சி முழுவதும் இறைவனுடையது என்று அறிவிக்கும் அதிகாரம் அது. பிறர் உடைமை என்று சட்டம் வகுத்த ஒருவர் இதைத் தேர்ந்தது தற்செயலன்று என்பதே நம் கருத்து. பின்னர்த் தம் உரிமையாளரை அவர் புகழும் வரிகளை, இத்தொடக்கத்தை நினைவிற்கொண்டே படித்தல் வேண்டும்.

முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்த அவர், தாம் முன்பு சொன்ன திருக்குர்ஆனின் முதல் அதிகாரத்தையும், இயேசு கற்பித்த செபத்தையும் அடுத்தடுத்து எழுதுகிறார். அவரை நம்மவர் எனக் கணக்கில் சேர்க்க நாம் விரையலாகாது; அவரை உடைமையாக வைத்திருந்தவர்களும் கிறிஸ்தவர்களே.

அவர் வாழ்வைப் பாடும் ‘ஓமர்’ என்னும் இசைநாடகம் 2023-இல் புலிட்சர் பரிசு பெற்றது. அமெரிக்கப் பண்பாட்டிற்கு இஸ்லாமியர் ஈந்த கொடை, விலங்கிடப்பட்ட காலத்திலேயே தொடங்கிவிட்டது. அதை நன்றியோடு ஏற்குமுன், சற்றே நாணித் தலைகுனிவோம்.