ஏவிய நாட்டை மட்டும் தேடும் சட்டம்

2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழையச் சுமார் ஒரு மணி நேரம் இருந்தபோது, வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் வழியாக இணையம் பெற்றுவந்த பல்லாயிரம் மோடம்கள் செயலிழந்தன. செயற்கைக்கோளுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. தரையில், தவறாக அமைக்கப்பட்டிருந்த ஒரு வி.பி.என். கருவி வழியாகப் புகுந்தவர்கள் மோடம்களை நிர்வகிக்கும் வலைப்பின்னலைப் பிடித்து, அவற்றின் நினைவகத்தை அழித்தார்கள். குறி உக்ரைன்தான். ஆனால் உக்ரைனுக்கு வெளியே, எனர்கான் நிறுவனத்தின் சுமார் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வசதியும் அன்று போனது. மே மாதம் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாதான் இதைச் செய்தது என்று அறிவித்தன.

இத்தகைய தாக்குதலுக்கு விண்வெளிச் சட்டம் என்ன பதில் சொல்கிறது?

1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையைப் பழையது என்று ஒதுக்குவது நியாயமல்ல. அதன் 3ஆம் பிரிவு ஐ.நா. சாசனத்தை விண்வெளிக்கும் கொண்டு செல்கிறது. எனவே அங்கே வலிமையைப் பயன்படுத்துவதற்கான தடை, கருவி ஏவுகணையா கணினி நிரலா என்று பார்ப்பதில்லை. 6ஆம் பிரிவு அதைவிட அரியது. தனியார் நிறுவனங்களின் விண்வெளிச் செயல்களுக்கும் அரசே பொறுப்பு. அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது, தொடர்ந்து மேற்பார்வையிட வேண்டும் என்கிறது. தனியாரின் செயலுக்கு இவ்வளவு நேரடியாக அரசைப் பொறுப்பாக்கும் விதி பன்னாட்டுச் சட்டத்தில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

சிக்கல் 1972ஆம் ஆண்டின் இழப்பீட்டு உடன்படிக்கையில் இருக்கிறது. அது தேடுவது ‘ஏவிய நாட்டை’. ஒருவர் வேறொரு நாட்டின் செயற்கைக்கோளுக்குள் ஊடுருவி, எரிபொருளைத் தீர்த்து, அதை ஓர் ஊரின் மேல் விழவைத்தார் என்று கொள்வோம். தரையில் நேர்ந்த சேதத்துக்குத் தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏவிய நாடே முழுப் பொறுப்பு. இழப்பீடு கேட்கும் நாடோ, அது யார் சார்பில் கேட்கிறதோ அவர்களோ வேண்டுமென்றோ பெரும் கவனக்குறைவாலோ சேதத்தை வரவழைத்திருந்தால் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு. மூன்றாவது ஆள் புகுந்தான் என்று சொல்லித் தப்ப முடியாது. 1978இல் சோவியத் ஒன்றியத்தின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோள் கனடாவில் விழுந்தபோது இந்தக் கண்டிப்பு பாதிக்கப்பட்டவருக்குத் துணை நின்றது; கனடா 30 லட்சம் கனடிய டாலர் பெற்றது. ஊடுருவல் நடக்கும் காலத்தில் அதே கண்டிப்பு, தாக்கப்பட்டவரையே கடனாளியாக்குகிறது.

கேஏ-சாட்டை வைத்தே பார்க்கலாம். 2010இல் அது பைக்கனூரிலிருந்து ரஷ்யாவின் புரோட்டான் ராக்கெட்டில் ஏறிச் சென்றது. ஆகவே ரஷ்யாவும் ‘ஏவிய நாடுகளில்’ ஒன்று என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் அந்தப் பொறுப்பு 2010இல் ராக்கெட் ஏற்றியதற்காக வருவது; 2022இல் நடந்த தாக்குதலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. குறி இவ்வளவு விலகிப்போகும் சட்டத்தைத் தாக்குதலுக்கு எதிரான காப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தவிர, அந்த உடன்படிக்கை ஏற்கும் சேதம் உயிருக்கும் உடலுக்கும் சொத்துக்கும் நேர்வது. அறுந்த இணைப்பு அதில் அடங்குமா என்பது இன்றும் வாதத்துக்குரியது.

1967 உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, பிறருக்குத் தீங்கான இடையூறு வரக்கூடும் என்றால் முன்கூட்டியே கலந்துபேசச் சொல்கிறது. தாக்கப்போகிறவர் அப்படிப் பேச வரமாட்டார்.

புதிய உடன்படிக்கை வேண்டும் என்போரின் தவிப்பு புரிகிறது. ஆயினும் போர் நடக்கும்போது வல்லரசுகள் அதில் கையெழுத்திடும் என்று நம்ப முடியவில்லை. போரில் பயன்படும் வணிகச் செயற்கைக்கோள்கள் பதிலடிக்கு உரிய இலக்காகலாம் என்று 2022 அக்டோபரில் ரஷ்யப் பிரதிநிதி ஐ.நா.விலேயே சொன்னார். கையில் இருக்கும் 1967 உடன்படிக்கையின் 6ஆம் பிரிவை இன்றே இறுக்கிப் பிடிப்பதுதான் வழி. தொடர் மேற்பார்வை என்பதில் தரை நிலையத்தின் வி.பி.என்., கட்டளைகளின் மறையாக்கம், மோடம் மென்பொருளின் சரிபார்ப்பு எல்லாம் அடங்கும் என்று உரிமம் கொடுக்கும் அரசுகள் எழுதிவைக்க வேண்டும். இது தாக்கியவரைத் தண்டிக்காது, சுமையையும் காப்பவர் தலையிலேயே ஏற்றுகிறது. அந்தக் குறை உண்மையானது. தாக்கிய அரசைப் பொறுப்பாக்க, அரசுகளின் பொறுப்பு குறித்த பொதுவான பன்னாட்டுச் சட்டத்தைத்தான் நாடவேண்டும். அதற்குக் கை யாருடையது என்று நிரூபிக்க வேண்டும். கேஏ-சாட் விவகாரத்தில் பெயரை வெளிப்படையாகச் சொல்லவே ஐரோப்பாவுக்குப் பத்து வாரங்களுக்கு மேல் ஆனது.