திரையில் அழகு, காலில் கடி

டிசம்பர் பிறந்தால் மன்னார் பள்ளிமுனை வீடுகளில் காலணிப் பேச்சும் பிறந்துவிடும். ஊரின் பாதுகாவலி புனித லூசியாவின் திருநாள் 13ஆம் திகதி. அதைத் தொட்டு நத்தார், புதுவருடம். சட்டை தைக்கக் கொடுத்த பெண்பிள்ளைக்கு அதற்குப் பொருத்தமான ஒரு சோடி சப்பாத்து வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன் இந்தத் தேடல் மன்னார் கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்குவதோடு முடிந்துவிடும். அங்கே கிடைக்காத வகை வேண்டுமானால் கொழும்புக்குப் போய்வரும் சொந்தக்காரர் எவரையாவது பார்த்துக் காத்திருக்க வேண்டும். இன்று அவள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் பேஸ்புக் நேரலையைத் திறக்கிறாள். எங்கோ ஒரு நகரத்திலிருந்து ஒருவர் ஒவ்வொரு சோடியாகத் தூக்கிக் காட்டுகிறார். பிடித்ததன் இலக்கத்தையும் கால் அளவையும் எழுதி அனுப்பினால் சில நாளில் கூரியர் பொதி வாசலுக்கு வந்துவிடும். காசைப் பொதி கொண்டுவருபவரிடம் கொடுத்தால் போதும்.

இந்த ஆசையைப் பெரியவர்கள் பலர் வீண் செலவு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். கடற்கரை மணலில் நடக்கிறவளுக்கு இத்தனை சோடி எதற்கு என்பது அவர்களுடைய கேள்வி. காலணி மீது ஆசை கொண்ட பெண் என்றதும் உலகம் பிலிப்பைன்ஸின் முன்னாள் முதற்பெண்மணி இமெல்டா மார்க்கோஸைத்தான் உதாரணம் காட்டுகிறது. 1986இல் மார்க்கோஸ் குடும்பம் பிலிப்பைன்ஸை விட்டு ஓடியபோது மாளிகையில் சிக்கிய அவருடைய சப்பாத்துகள் உலகச் செய்தியாயின. அவற்றில் பல சோடிகள் பின்னர் மரிகினா நகர அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே குற்றம் சப்பாத்தில் இல்லை, அதை வாங்கிய காசு யாருடையது என்பதில் இருந்தது. ஆடைத் தொழிற்சாலையிலோ கடையிலோ வேலை செய்து சேர்த்த சம்பளத்தில் ஒரு சோடி வாங்கும் பெண்ணை அந்தக் கதையைச் சொல்லிக் கூச வைப்பது அநியாயம்.

காலணியில் மானமும் இருக்கிறது. 2023 டிசம்பரில் தமிழ்நாட்டின் திருப்பூர் மாவட்டத்தில், மடத்துக்குளம் பக்கமுள்ள ராஜாவூரில், தலித் மக்கள் சுமார் 60 பேர் ஒரு தெருவில் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தது செய்தியாயிற்று. தலைமுறை தலைமுறையாக அந்தத் தெருவில் அவர்களுக்கு அது மறுக்கப்பட்டிருந்தது. யார் எதைப் போடலாம், எங்கே போடலாம் என்று ஊர் தீர்மானித்து வந்த ஒரு பொருளைத் தன் விருப்பப்படி தெரிவுசெய்யும் உரிமையை ஒரு இளம்பெண் பெரிதாக நினைப்பதில் பிழை ஏது?

சமூக வலைத்தளம் அவளுக்கு இன்னொன்றையும் தந்திருக்கிறது. ஒருவருக்கொருவர் உறவாக இருக்கும் சின்ன ஊரில் ஒரு பெண் தன் முகத்தைப் படமாகப் போட்டால் மறுநாள் அது மாமி வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் பேச்சாகும். சப்பாத்துப் போட்ட காலின் படத்துக்கு அந்தத் தொல்லை குறைவு. முகத்தைக் காட்டாமலே தன் ரசனையைக் காட்டவும், வேறு ஊர்ப் பெண்களோடு வாரைப் பற்றியும் குதியைப் பற்றியும் பேசவும் அது வழி விடுகிறது. இது சின்ன விடயம் போலத் தெரியலாம். வெளியே போய்வரும் நேரத்துக்கே கணக்குச் சொல்ல வேண்டிய வீடுகளில் வளர்ந்த பெண்களுக்கு இது பெரிய வெளி.

அதே வெளி அவளுடைய மனநிறைவைக் கரைக்கவும் செய்கிறது. இன்ஸ்டகிராம் நிறுவனத்துக்குள்ளேயே நடந்த ஆய்வுகள் 2021இல் வெளியில் வந்தன. தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே மனம் நொந்திருந்த பதின்ம வயதுப் பெண்களில் 32 சதவீதத்தினர், இன்ஸ்டகிராம் அந்த நோவைக் கூட்டியதாகச் சொல்லியிருந்தனர். காலணிப் படங்களும் இதற்கு விலக்கல்ல. வெளிச்சம் பார்த்து எடுத்த மெலிந்த வெள்ளைப் பாதத்தின் படத்தைப் பார்த்துவிட்டுத் தன் காலைப் பார்க்கும் பெண், குறை சப்பாத்தில் இருக்கலாம் என்று நினைப்பதில்லை. தன் கால்தான் அழகில்லை என்று முடிவுகட்டிவிடுகிறாள்.

உண்மையில் அவள் கால் நல்ல கால். தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வொன்று, அவர்களுடைய பாதத்தின் முன்பகுதி அகன்றிருப்பதையும் நடக்கும்போது பாரம் பாதமெங்கும் பரவலாகப் பகிரப்படுவதையும் கண்டது. அதற்கு முன், 1992இல், இந்திய மருத்துவர்கள் இருவர் 2,300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளை எடுத்துப் பார்த்தார்கள். காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம்; போடாதவர்களில் 2.8 சதவீதத்தினருக்கு மட்டுமே. விரல்களை மூடும் சப்பாத்துப் போட்டவர்களிடம்தான் அது கூடுதலாக இருந்தது. முற்றத்திலும் மணலிலும் வெறுங்காலோடு ஓடி வளர்ந்த ஒரு பாதம், ஒடுங்கிய கூர்முனைச் சப்பாத்துக்குள் போனால் கடிக்கத்தான் செய்யும்.

இங்கேதான் இந்த நேரலை வியாபாரத்தின் பெருங்குறை இருக்கிறது. சட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் தையல்காரியிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளலாம். சப்பாத்து அரை அளவு பிசகினால் அவ்வளவுதான். அளவு முறைகளோ ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. பிரித்தானிய அளவில் ஒரு இலக்கத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 8.5 மில்லிமீற்றர். ஐரோப்பிய அளவில் அது ஏறக்குறைய 6.7 மில்லிமீற்றர். ஆகவே ஐரோப்பிய 37 பிரித்தானிய 4க்குச் சமம் என்று எழுதும் அட்டவணைகளெல்லாம் உத்தேசக் கணக்குகளே. பாதத்தின் அகலத்தை அவை சொல்வதே இல்லை.

காலில் போட்டுப் பார்க்காமல் சப்பாத்து விற்க முடியுமா என்ற கேள்வியை 1999இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸாப்போஸ் நிறுவனம் நேராகவே எதிர்கொண்டது. அனுப்பும் செலவும் திருப்பியனுப்பும் செலவும் தன்னுடையது என்றது. 365 நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று அது வாக்குக் கொடுத்தது. இரண்டு மூன்று அளவுகளை வரவழைத்து, பொருந்தியதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பியவர்கள் பலர். 2009இல் அமேசன் அதை வாங்கும் அளவுக்கு அந்த வாக்கு வேலை செய்தது. நமது நாட்டின் நேரலை வியாபாரம் படத்தை எடுத்துக்கொண்டது, வாக்கை விட்டுவிட்டது. ‘மாற்றித் தரப்படாது’ என்ற வரி பல பக்கங்களில் விலைக்கு முன்பே நிற்கிறது. விலையோ ‘இன்பொக்ஸ் பண்ணுங்கள்’ என்பதற்குள் மறைந்திருக்கிறது. கையில் காசு கொடுத்த பிறகே பொதியைப் பிரிக்கலாம் என்பதால், பொருளைப் பார்த்துக் காசு கொடுக்கும் வசதிபோலத் தோன்றுவது உண்மையில் பெட்டியைப் பார்த்துக் காசு கொடுப்பதுதான்.

பொருந்திய சோடிக்கும் மன்னாரில் இன்னொரு சோதனை காத்திருக்கிறது. மலிவான பல சப்பாத்துகளின் அடிப்பாகம் பொலியூரிதேனால் ஆனது. அதில் சில வகைகளை ஈரப்பதமும் வெக்கையும் உள்ளுக்குள் சிதைக்கும். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சில வருடத்தில் அடி பிஸ்கட்போல நொறுங்கும். விற்காமல் களஞ்சியத்தில் கிடந்த பழைய இருப்பு நேரலையில் புதிதாகத்தான் தெரியும். உப்புக் காற்றில் கொளுக்கி துருப்பிடிக்கும், போலித் தோல் உரியும். இறப்பர் அடியும் துணி அல்லது உண்மைத் தோல் மேற்பாகமும் கொண்ட சோடி திரையில் பளபளக்காது. கடலோர ஊருக்கு உழைப்பது அதுதான். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை போன பிறகு, மூன்று மாதத்தில் பிய்யும் சோடியைத் தாங்கும் நிலையில் மீன்பிடிக் குடும்பங்கள் இல்லை.

விற்பவர்கள் எல்லோரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்வது சரியல்ல. கடைக்கு முற்பணம் கட்ட முடியாத பெண்கள் பலர் வீட்டறையிலிருந்தே வட்ஸ்அப்பில் விற்றுக் குடும்பம் நடத்துகிறார்கள். இந்தியாவில் 2015இல் தொடங்கிய மீஷோ நிறுவனம் இத்தகைய வீட்டுப் பெண்களை நம்பித்தான் வளர்ந்தது. அவர்கள் பெரிய முதலில்லாமலே செய்யக்கூடியவை சில உண்டு. உள் நீளத்தை அடிமட்டம் வைத்துச் சென்ரிமீற்றரில் காட்டலாம், அடிப்பாகம் எந்தப் பொருள் என்று எழுதலாம், அளவு மாறினால் கூரியர் செலவை வாங்குபவரோடு பாதிப்பாதியாக ஏற்கலாம். வாங்குபவளும் பகல் முழுக்க நடந்த காலை மாலையில் தாளில் வைத்துக் கோடிழுத்து, நீளத்தோடு அகலத்தையும் அளந்து அனுப்பினால் பாதிக் குழப்பம் தீரும்.

மிச்சப் பாதிக்குச் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம், வியாபாரி மக்களைத் தவறாக வழிநடத்துவதையும் பொருளைப் பற்றிப் பொய் சொல்வதையும் தடைசெய்கிறது. முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நேரலை முடிந்ததும் காணொளி நீக்கப்படலாம் என்பதால் திரைப்பிடிப்பையும் உரையாடலையும் கூரியர் சிட்டையையும் அன்றே சேமித்து வைப்பது அவசியம். அதிகார சபையின் 1977 என்ற இலக்கம், பள்ளிமுனைப் பெண்களின் போன்களில் சப்பாத்துப் பக்கங்களின் இலக்கங்களோடு சேர்ந்து இருக்க வேண்டும்.