மியாட்டா என்னும் சின்னக் கார்

1989-இல் மஸ்டா கொண்டுவந்த மியாட்டா இரண்டு பேர் உட்காரும் கார். எடை ஏறக்குறைய ஒரு டன், எஞ்சின் 1.6 லிட்டர். அமெரிக்காவில் வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு, சனி ஞாயிறில் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு இது செல்லக் கார்.

'ஸ்பெக் மியாட்டா' என்ற பந்தயப் பிரிவில் எல்லோருக்கும் ஒரே வகை ஸ்பிரிங், ஒரே டயர். பிந்தைய 1.8 லிட்டர் எஞ்சின்காரருக்கு, 1.6-காரரோடு சமப்படுத்த, எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் துளையிட்ட ஒரு தகடு. கூடுதல் எடையும் உண்டு. எடை பார்ப்பது ஓட்டுநரையும் சேர்த்து. பந்தயம் முடிந்ததும், வியர்வையில் நனைந்தவர் இறங்காமலேயே காரோடு தராசில் ஏறுவார்.

எனக்குப் பிடித்தது மியாட்டா எஞ்சினின் போதாமைதான். வளைவில் பிரேக்கைக் கொஞ்சம் அதிகமாக மிதித்துவிட்டால், இழந்த வேகத்தை மீட்க அடுத்த நேர்ப்பாதை முழுவதும் தேவைப்படும். அதற்குள் பின்னால் வந்தவர் உங்கள் கார் கிழித்த காற்றில் ஒண்டிக்கொண்டு முந்திவிடுவார். அதனால் ஐந்தாறு கார்கள் பம்பரோடு பம்பர் உரசாத குறையாக ஓடும்.

புதிதாக வருகிறவர் பழைய காரை வாங்கி, பாதுகாப்புக் கூண்டு அடித்து, தானே கட்டலாம் என்று கணக்குப் போடுவார். வேண்டாம். ஏற்கெனவே ஓடிய பந்தயக் காரையே வாங்குவது மலிவு. மிச்சத்தை டயருக்கும் உரிமப் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளலாம்.