வினாவும் இறையும்: நாடாளுமன்றத்தில் நன்னூல்

வினாவுக்கும் விடைக்கும் இலக்கணம் வகுத்த மொழி தமிழ். செப்பும் வினாவும் வழுவாமற் காக்கப்படல் வேண்டும் என்பது தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வகுத்த விதி. 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் நன்னூலிலே வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்தார். இவை இன்று பெரும்பாலும் மாணவர் நெட்டுருச் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் பகுதியாகிவிட்டன. ஆனால், வினாவையும் விடையையுமே நாள்தோறும் முதற் கடமையாகக் கொண்ட ஓர் அவை உண்டு. அதுவே நாடாளுமன்றம். அவ்வவையின் பேச்சை இவ்விலக்கணங் கொண்டு அளந்து பார்த்தால் இலக்கணத்தின் வன்மையும் புலனாகும்; அவையின் மென்மையும் புலனாகும்.

மலேசிய மக்களவை 1959 செப்டம்பரில் முதன்முதலாகக் கூடியது. இன்று அதில் 222 உறுப்பினர்கள். உறுப்பினர் தம் வினாவை முன்கூட்டியே எழுதித் தருகின்றார். அமைச்சர் அவையில் விடை கூறுகின்றார். அவ்விடையிலிருந்து துணைவினா எழுகின்றது. 2016இல் அமைச்சர்க்கெனத் தனி வினா நேரமும், 2023இல் பிரதமர்க்கெனத் தனி வினா நேரமும் ஏற்பட்டன. வினாவில் வாதமோ, சொந்தக் கருத்தோ, எள்ளலோ கலத்தல் கூடாது என்பது அவையின் நிலைவிதி. வினா வழுவாமற் காக்க விதி உண்டு. செப்பு வழுவாமற் காக்க அத்துணைக் கடுமையான விதி இல்லை. அமைச்சர் விடை சொல்லியே ஆகவேண்டும். ஆனால் கேட்டதற்குத்தான் சொன்னாரா என்பதை அளக்க அவையில் கோல் இல்லை. அக்கோல் நன்னூலில் இருக்கின்றது.

முதலில் வினாவைக் காண்போர்க்கு ஆறு வகையும் அவையில் உலவுதல் தெரியும். தொகுதி மக்களின் குறையை உண்மையாகவே அறியவேண்டிக் கேட்பது அறியா வினா. இருவேறு செய்திகளுள் எது மெய் எனக் கேட்பது ஐய வினா. பள்ளியோ மருத்துவ நிலையமோ வேண்டிக் கேட்பது கொளல் வினா. ‘நடவடிக்கை எடுத்தாயிற்றா?’ என்று செயலுக்கு உந்துவது ஏவல் வினா. ஆளுங்கட்சி உறுப்பினர் தம் அமைச்சர் தம் சாதனைகளை விரித்துரைக்க வாய்ப்பளித்துக் கேட்பது ஒருவகைக் கொடை வினாவே. ஆடையில்லாதவனுக்கு ஆடை தருவது போல், புகழ் வேண்டுவோர்க்குப் புகழ் தரும் வினா அது. எஞ்சியது அறிவினா. விடையைத் தாம் அறிந்திருந்தும், அதனைப் பொறுப்புடையவர் வாயாலேயே வருவிக்கக் கேட்பது. ஆசிரியர் மாணவனைக் கேட்கும் முறை இது. அவையில் மிகுந்த ஆற்றலுடையதும் இதுவே.

இதற்கு இந்திய மக்களவையில் நிகழ்ந்த ஒன்று தக்க சான்று. 1957 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி, ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாயை முதலீடு செய்தது பற்றிக் கேட்டார். அவர் கேட்டது தம் கட்சி அரசை. அவ்வரசின் தலைவர் நேரு, அவருடைய மாமனார். விடை கூறவேண்டியிருந்த நிதியமைச்சர் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. சக்ளா ஆணையம் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தது. 1958 பிப்ரவரியில் அமைச்சர் பதவி விலகினார். கேட்டவர் விடையின் பெரும்பகுதியை முன்னரே ஆராய்ந்து வைத்திருந்தார். அதனாலேயே நழுவும் விடை அங்கே நிற்கவில்லை.

இனி விடைக்கு வருவோம். நன்னூலார் அதனை ‘இறை’ என்பர். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் செவ்வனிறை, நேரே வருபவை. ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் சுற்றி வருபவை. ‘ஆடுவாயா?’ என்றவனுக்கு ‘நீயே ஆடு’ என்பது ஏவல், ‘ஆடாதிருப்பேனோ?’ என்பது வினாதல். ‘கால் வலித்தது’ என்பது உற்றதுரைத்தல். ‘கால் வலிக்கும்’ என்பது உறுவது கூறல். ‘பாடுவேன்’ என்பது இனமொழி.

இங்கே ஒரு தடை எழும். சுற்றி வரும் ஐந்தையும் இலக்கணமே விடையென ஏற்கும்போது, சுற்றிப் பேசும் அமைச்சரைக் குறைகூறுவது எங்ஙனம்? தடைக்கு விடை அந்நூற்பாவிலேயே உள்ளது. அவ்வைந்தும் கேட்ட பொருளைத் தருதலால் மட்டுமே விடையாக ஏற்கப்பட்டன. தொல்காப்பியரும் செப்பு வழுவி வரினும் அப்பொருளோடு புணர்ந்திருந்தால் நீக்கற்பாலதன்று என்றே கொண்டார். ‘கால் வலித்தது’ என்றவன் ஆடமாட்டான் என்பது கேட்டவனுக்கு விளங்கிவிடுகின்றது. வடிவம் வளைந்தாலும் பொருள் நேரே வந்து சேர்கின்றது. பொருள் சேராவிடில் அது விடையன்று, விடையின் வேடம்.

இக்கோலை ஜொகூரிலேயே வைத்துப் பார்க்கலாம். பெர்மாஸ், 56 இடங்கள் கொண்ட ஜொகூர்ச் சட்டமன்றத்தில் ஒரு தொகுதி. நாடாளுமன்றத்துக்கு அது பாசிர் கூடாங் தொகுதியில் அடங்கும். 2019 மார்ச் 7ஆம் நாள் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் நச்சுக் கழிவு கொட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் நலங்குன்றினர், 111 பள்ளிகள் மூடப்பட்டன. அதே ஆண்டு ஜூனில் மாணவர்கள் மீண்டும் மூச்சுத் திணறி, வாந்தியெடுத்து அவதியுற்றனர். பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன. பெர்மாஸ் ஜெயாவில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு வேண்டிய வினாக்கள் மூன்றே. கொட்டப்பட்டது என்ன? கொட்டியவர் யார்? மீண்டும் நேராதிருக்கச் செய்வது என்ன?

இத்தகைய வினாக்களுக்கு எந்நாட்டு அவையிலும் வரக்கூடிய ஐவகை விடைகளை எண்ணிப் பார்க்கலாம். ‘மாநில அரசைக் கேளுங்கள்’ என்பது ஏவல். மலேசிய அரசமைப்பில் நிலமும் ஆறும் மாநிலத்தின் பொருள்; சுற்றுச்சூழல் தரச் சட்டமோ கூட்டரசின் சட்டம். ஆதலின் இவ்வேவல் சிலபோது மெய்யாகவே பொருள் தரும். சட்டமன்றத்தில் கேட்டால் நாடாளுமன்றத்தையும், நாடாளுமன்றத்தில் கேட்டால் சட்டமன்றத்தையும் காட்டினால் மட்டும் பொருள் நடுவழியில் நின்றுவிடும். ‘உங்கள் ஆட்சியில் நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்பது வினாதல் போலத் தோன்றும். கேட்ட பொருளை அது தருவதேயில்லை. காற்றின் தன்மையைக் கேட்டவர்க்குக் கட்டிய வகுப்பறைகளின் தொகையைச் சொல்வது இனமொழியின் போலி. ‘குழு அமைக்கப்பட்டது’ என்பது உற்றதுரைத்தல். குழு கண்டதைச் சொன்னாலன்றி அதுவும் விடையாகாது. ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்பது உறுவது கூறல். எப்போது, எவரால், எவ்வளவு என்பன இல்லாதபோது அதில் எதிர்காலம் வினைமுற்றில் மட்டுமே உள்ளது. மாறாக, 2024இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டத்தொகையின் உச்சம் 1 கோடி வெள்ளியாக உயர்ந்தது. இது எண்ணோடு கூடிய செவ்வனிறை. ஆற்றில் நஞ்சு கலந்து ஐந்தாண்டு கழிந்தபின் வந்தது என்பதுதான் அதன் குறை.

இத்தொகுதியில் 2018இலும் 2022இலும் வென்ற ஹசான் அப்துல் கரீம், ஆளும் தரப்பில் இருந்துகொண்டே அவ்வரசைக் கேள்வி கேட்பவர் எனப் பெயர் பெற்றவர். இத்தகையோர் கட்சிக்கு இடையூறு எனக் கருதப்படுவதுண்டு. திருவள்ளுவர் கருத்து அதுவன்று. இடித்துரைக்கும் துணையில்லாத மன்னனைக் கெடுக்கப் பகைவரும் வேண்டியதில்லை என்பது அவர் முடிபு. மாற்றுக் கட்சியினர் வினாவைப் பகைமை எனத் தள்ளிவிடலாம். தன் பக்கத்தார் வினாவை அங்ஙனம் தள்ளுதல் அரிது.

குறை விடை கூறுவோரிடம் மட்டும் இருப்பதன்று. மறுநாட் செய்தித்தாளை எண்ணிக் கேட்கும் உறுப்பினரும் உளர். ஒரு வினாவுள் ஐந்து வினாக்களை அடக்கிவிட்டால், அமைச்சர் தமக்கு எளியதற்கு மட்டும் விடையிறுத்து அமர்ந்துவிடுவார். வினா குறுகக் குறுக நழுவும் வழியும் குறுகும்.

இதனை இளங்கோவடிகள் அன்றே காட்டினார். கண்ணகியின் வழக்கில் பாண்டியன் முதலில் கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோலன்று எனப் பொதுநீதி பேசினான். அதற்கு அவள் பொதுநீதியால் மறுமொழி கூறவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்னும் ஒன்றையே சொன்னாள். அதன்பின் அரசனுக்கு ஒதுங்க இடமில்லை. தன் தேவியின் சிலம்பு முத்துடையது என அவன் நேரே விடையிறுத்தான். சிலம்பைக் கொணர்ந்து வைக்கவும் பணித்தான். அந்நேர்விடை தன்னையே தண்டிக்கும் என்று தெரிந்தபின்னும் அதனை அவன் மறைக்கவில்லை. பாண்டியன் தவறிழைத்தவன், எனினும் இழிந்தவனாகக் காப்பியத்தில் நில்லாமைக்கு அவ்விடையே காரணம்.

மலாயில் பொறுப்பைக் குறிக்கும் ‘தங்கோங்ஜவாப்’ என்னும் சொல்லுக்கு, விடையைச் சுமத்தல் என்பதே உறுப்புப் பொருள். தமிழரும் முன்னர்ப் பொறுப்பாளியை ‘ஜவாப்தாரி’ என்றே வழங்கினர். ‘இறை’ என்னும் தமிழ்ச் சொல்லோ விடையையும் குறிக்கும், அரசனையும் குறிக்கும், குடிகள் செலுத்தும் வரியையும் குறிக்கும். வரியாகிய இறையைப் பெறுவோர் விடையாகிய இறையைத் தரக் கடமைப்பட்டவர்.

நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் அச்சாகி யாவர்க்கும் கிடைக்கின்றன. தமிழாசிரியர் ஒருவர் அதில் ஒரு நாளைய வினா விடையை வகுப்பில் வைத்து, இஃது எவ்வகை வினா, இஃது எவ்வகை இறை, கேட்ட பொருள் கிடைத்ததா எனக் கேட்பாராயின், நன்னூல் நூற்பாவை மாணவர் மறவார். பின்னாளில் வாக்களிக்கச் செல்லும்போதும் அக்கேள்வி அவர்களுடன் செல்லும்.